சாயப்பட்டறைக்கு எந்தத் தர்க்கம், மோட்டார் பெட்டிக்கு எந்தத் தர்க்கம்?

திருப்பூர் சாயப்பட்டறைக்கு லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) அட்டவணை போடும் மென்பொருளாகட்டும், கோவையில் பம்ப்செட் ஸ்டார்ட்டருக்குள் வைக்கும் கண்ட்ரோலர் போர்டாகட்டும், சால்வர் பக்கம் வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த சால்வர் நல்லது?" என்றுதான் (நிபந்தனைகளைக் கொடுத்தால், அவை எல்லாம் பொருந்தும் விடை உண்டா என்று தேடும் மென்பொருள்தான் சால்வர்). அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சிக்கலை எந்தத் தர்க்கத்தில் எழுதப் போகிறீர்கள்? ஒரே நிபந்தனையை ஒரு விதமாக எழுதினால் உடனே விடை வரும். இன்னொரு விதமாக எழுதினால் ராத்திரி முழுக்க ஓடும். மூன்றாவது விதத்தில் எழுதினால், அந்த வகைக் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லும் படிமுறை (அல்காரிதம்) இருக்கவே முடியாது என்று நிரூபித்தே வைத்திருக்கிறார்கள்.

நிரலையே தூக்கிக் கொடுத்து "இது சரியா?" என்று கேட்கும் குறுக்குவழி எப்போதோ அடைபட்டுவிட்டது. ஒரு நிரல் நிற்குமா, நிற்காதா என்பதை எல்லா நிரல்களுக்கும் சொல்லும் பொதுப் படிமுறை கிடையாது என்று டூரிங் 1936-இல் காட்டினார். 1953-இல் ரைஸ் அதை இன்னும் விரித்தார்: நிரல் என்ன செய்கிறது என்பதைப் பற்றி, சில நிரல்களுக்கு ஆம், சிலவற்றுக்கு இல்லை என்று வரக்கூடிய எந்தக் கேள்விக்கும் இதே கதிதான். ஆகவே நம் கையில் மிஞ்சுவது கேள்வியைச் சுருக்கும் வேலை. எதை எவ்வளவு சுருக்கலாம் என்பதில்தான் தேர்வு இருக்கிறது. கேள்வியைச் சொல்லப் போதுமான ஆகச் சிறிய தர்க்கத்தில் எழுதுங்கள் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. பெரிய தர்க்கத்தில் எழுதிவிட்டால் சால்வர் தானே சுருக்கிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். சில சமயம் சுருக்கும், பல சமயம் சுருக்காது.

கூற்றுத் தர்க்கம்

மாறிகள் எல்லாமே ஆம், இல்லை. "3-ஆம் லாட் 7-ஆம் இயந்திரத்தில் ஓடுகிறது" என்பது ஒரு மாறி. எல்லா நிபந்தனையும் உண்மையாகும்படி ஆம், இல்லைகளைத் தேடித் தருவது சாட் (SAT) சால்வர். குக் 1971-இல் காட்டியபடி இது என்.பி.-முழுமைச் சிக்கல்: விடையைக் கொடுத்தால் சரிபார்ப்பது எளிது, எப்போதும் வேகமாகக் கண்டுபிடிக்கும் வழியோ யாருக்கும் தெரியாது. ஆனாலும் லட்சக்கணக்கான மாறிகள் கொண்ட கோப்புகளைக்கூட இன்றைய சால்வர்கள் முடித்துவிடுகின்றன. அந்தத் தைரியத்தில்தான் எல்லோரும் முதலில் இங்கே வருகிறார்கள்.

இங்கே உதைக்கும் இடம் எண்ணிக்கை. ஒரே ஷிஃப்டில் 13 பெரிய லாட். அவற்றை ஏற்றக்கூடிய பெரிய இயந்திரம் 12. இயந்திரத்துக்கு ஒரு லாட். முடியாது என்று பட்டறை சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். கூற்றுத் தர்க்கத்தில் எழுதினால் 13 × 12 = 156 மாறிகள். ஒவ்வொரு லாட்டும் ஏதாவது ஓர் இயந்திரத்தில் போக வேண்டும் என்பதற்கு 13 கூற்றுகள். ஓர் இயந்திரத்தில் எந்த இரண்டு லாட்டும் சேரக்கூடாது என்பதற்கு இயந்திரத்துக்கு 78 ஜோடி வீதம் 936. மொத்தம் 949 கூற்றுகள், குட்டிக் கோப்பு. ஆனால் சாட் சால்வரின் அடிப்படை அனுமான விதி ரெசல்யூஷன்: "அ அல்லது ஆ", "அ இல்லை அல்லது இ" என்ற இரண்டிலிருந்து "ஆ அல்லது இ" என்று எடுப்பது. அந்த விதியை மட்டும் வைத்து இந்தச் சிக்கலுக்கு எழுதும் எந்த நிரூபணமும், இயந்திர எண்ணிக்கை ஏற ஏற, அடுக்குக்குறி வேகத்தில் (மடங்கு மடங்காக) பெருத்தே தீரும் என்று ஹாக்கன் 1985-இல் நிரூபித்தார். ஆகவே குற்றம் சால்வரை எழுதியவர் மேல் இல்லை. விதியே எண்ணத் தெரியாத விதி. வேகமான கணினி வாங்கினால் இன்னும் ஒன்றிரண்டு லாட் தாங்கும், அவ்வளவே.

நேரடியாக இந்த வடிவில் வந்தால் சில சால்வர்கள் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும். நிஜ அட்டவணையில் அது 60 லாட்டுக்கு நடுவே, ஷேடு, எடை, டெலிவரி தேதி என்ற மற்ற நிபந்தனைகளுக்குள் ஒளிந்துதான் வரும். சால்வர் தொங்கிப்போனால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: எங்காவது இடத்தைவிட ஆள் அதிகமா?

கூட்டல் தெரிந்த தர்க்கம்

அதே 13 லாட்டை நேரியல் முழு எண் தர்க்கத்தில் எழுதுவோம். மாறிகள் 0 அல்லது 1. ஒவ்வொரு லாட்டுக்கும், 12 இயந்திரங்கள் மேல் கூட்டினால் குறைந்தது 1. ஒவ்வோர் இயந்திரத்துக்கும், 13 லாட்கள் மேல் கூட்டினால் அதிகபட்சம் 1. முதல் வகையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 13-க்குக் குறையாது. இரண்டாவது வகையைக் கூட்டினால் 12-ஐத் தாண்டாது. முரண்பாடு, வேலை முடிந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. சாட் கோப்பிலிருந்து ஜோடி நிபந்தனைகளை அப்படியே கொண்டுவந்து "இந்த லாட் + அந்த லாட் ≤ 1" என்று 936 வரியாக எழுதினால் லாபம் போய்விடும். ஏனென்றால் சால்வர் முதலில் பின்னங்களை அனுமதித்துப் பார்க்கும். எல்லா மாறிக்கும் 1/12 என்று வைத்தால் எந்த ஜோடியும் 1/6-தான், ஒவ்வொரு லாட்டின் கூட்டுத்தொகையும் சரியாக 1, எல்லாம் பொருந்திவிடும். பிறகு முழு எண்ணுக்காகக் கிளை பிரித்துப் பிரித்து பழைய கதையே. இயந்திரத்துக்கு ஒரே வரியாக, 13 மாறிகளையும் சேர்த்து "≤ 1" என்று எழுத வேண்டும். தர்க்கத்தை மாற்றினால் போதாது, அந்தத் தர்க்கத்தின் பலம் தெரியும்படி எழுதவும் வேண்டும்.

லாட்களின் வரிசைக்கு இன்னும் சிறிய தர்க்கமே போதும். "அ லாட் 8 மணி நேரம், பிறகு இயந்திரம் கழுவ 1 மணி, அதன்பின் ஆ" என்பதை "ஆ-வின் தொடக்கம் − அ-வின் தொடக்கம் ≥ 9" என்று எழுதலாம். எல்லா நிபந்தனையும் இப்படி இரண்டு மாறிகளின் வித்தியாசமாகவே இருந்தால் அது வித்தியாசத் தர்க்கம். லாட்கள் புள்ளிகள், நிபந்தனைகள் அம்புகள்; பெல்மன்-ஃபோர்டு படிமுறை எதிர்மறை வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறது. வளையம் இருந்தால் அட்டவணை கிடையாது, அந்த வளையமே காரணம். "இந்த நான்கு லாட் ஒன்றையொன்று துரத்துகின்றன" என்று சூப்பர்வைசருக்கு அச்சடித்துக் காட்டலாம். இந்தப் பயன் ஒன்றுக்காகவே, முடிந்தவரை வித்தியாச வடிவில் எழுதுவது நல்லது. அ முன்னா, ஆ முன்னா என்ற தேர்வு வரும்போதுதான் சிக்கல் என்.பி.-முழுமை ஆகிறது. ஓர் இயந்திரத்துக்கு 60 லாட் என்றால் 1,770 ஜோடித் தேர்வுகள். அதை சாட் பகுதி பார்த்துக்கொள்ளும், வித்தியாசப் பகுதி சரிபார்க்கும். எஸ்.எம்.டி. சால்வர் என்பதே இப்படி இரண்டையும் பூட்டி ஓட்டும் ஏற்பாடுதான்.

பெருக்கல் நுழையும் இடம்

1929-இல் வார்சாவில் பிரெஸ்பர்கர் காட்டியது: முழு எண்கள், கூட்டல், ஒப்பீடு, "எல்லாவற்றுக்கும்", "ஏதாவது ஒன்று" என்ற குவாண்டிஃபயர்கள், இவ்வளவும் வைத்து எழுதும் எந்த வாக்கியத்துக்கும் ஆம், இல்லை சொல்லி நிற்கும் படிமுறை உண்டு. மாறியை 6 போன்ற மாறிலியால் பெருக்கலாம். அது ஆறு முறை கூட்டல்தான். மாறியை மாறியால் பெருக்கினால் வாசல் மூடிவிடுகிறது. முழு எண் கெழுக்கள் கொண்ட பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு முழு எண் தீர்வு உண்டா என்று சொல்லும் முறையை ஹில்பர்ட் 1900-இல் கேட்டார். அப்படி ஒரு முறை கிடையாது என்று, டேவிஸ், பட்னம், ஜூலியா ராபின்சன் போட்ட பாதையில் மத்தியாசெவிச் 1970-இல் முடித்துவைத்தார்.

சாயப்பட்டறையில் இந்தப் பெருக்கல் மிகச் சாதாரணமாக உள்ளே வரும். நீரின் அளவு = துணி எடை × லிக்கர் விகிதம் (ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் நீர்). 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதிலிருந்து கழிவுநீர்க் கணக்கு இல்லாமல் அட்டவணையே போட முடியாது என்பதால், இந்த வரியைத் தவிர்க்கவும் வழியில்லை. எடையும் மாறி, விகிதமும் மாறி என்று எழுதினால் நேரியல் அல்லாத முழு எண் தர்க்கத்துக்குள் விழுந்துவிட்டீர்கள். சால்வர் "அன்நோன்" (தெரியவில்லை) என்று திருப்பித் தரலாம். ஆனால் விகிதம் நிஜத்தில் சுதந்திரமான மாறி அல்ல, இயந்திரத்தைப் பொறுத்தது. "1-ஆம் இயந்திரம் என்றால் நீர் = 6 × எடை; 2-ஆம் இயந்திரம் என்றால் நீர் = 8 × எடை" என்று பிரித்து எழுதினால் எல்லாம் மீண்டும் நேரியல். தறியின் வேகம் × ஓடும் நேரம் என்று சோமனூர்க் கணக்கில் வருவதும் இதே வகை: வேகம் நான்கைந்து அமைப்புகளில் ஒன்றுதான் என்றால் பெருக்கலே தேவையில்லை. பட்டறைக் கணக்குகளில் பெரும்பாலான பெருக்கல்கள் இப்படிக் கழற்றக்கூடியவை. கழற்றாமல் சால்வரைத் திட்டுவது நியாயமில்லை.

கழற்ற முடியாதபோது முழு எண்ணை விட்டு மெய்யெண்ணுக்குப் போய்விடுங்கள். முழு எண் எளிது, தசமம் கடினம் என்று பள்ளியில் பழகிய உள்ளுணர்வு இங்கே தலைகீழ். மெய்யெண்களில் கூட்டல், பெருக்கல், ஒப்பீடு, குவாண்டிஃபயர் எல்லாம் சேர்ந்தாலும் தீர்மானிக்கலாம் (ஆம், இல்லை சொல்லி நிற்கும் படிமுறை உண்டு) என்று டார்ஸ்கி காட்டினார், 1948-இல் வெளியானது. 1975-இல் காலின்ஸ் கொடுத்த முறைதான் இன்றைய கருவிகளின் அடித்தளம். அது மாறிகளின் எண்ணிக்கையில் இரட்டை அடுக்குக்குறியாக (அடுக்கின் மேல் அடுக்காக) ஏறும், ஆகவே ஒன்றோடொன்று பெருக்கப்படும் மாறிகளை ஒற்றை இலக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் "முடியவே முடியாது" என்பதைவிட "செலவு அதிகம்" மேல். எடை கிலோவில், நீர் லிட்டரில் இருக்கும்வரை மெய்யெண் இயல்பாகவே பொருந்தும். ரோல் எண்ணிக்கையை மட்டும் கடைசியில் மேல்நோக்கி முழுமையாக்கி, கொள்ளளவைத் தாண்டவில்லை என்று மறுபடி சரிபாருங்கள். சைன் சார்பை உள்ளே விட்டுவிடாதீர்கள்: அது பூஜ்யமாகும் இடங்களை வைத்து முழு எண்களைப் பிடித்துவிடலாம் என்பதால் பழைய சுவர் திரும்பி வந்துவிடும். விகிதமுறு எண்கள் நடுவில் மாட்டிக்கொண்டவை. குவாண்டிஃபயர்களோடு சேர்ந்தால் தீர்மானிக்க முடியாதவை என்று ஜூலியா ராபின்சன் 1949-இல் காட்டினார். ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டுக்கு விகிதமுறு தீர்வு உண்டா என்ற எளிய வடிவத்துக்கோ இன்றுவரை உலகில் யாரிடமும் விடை இல்லை.

"எல்லா மாறிக்கும் மேல்வரம்பு போட்டால் தீர்ந்ததே" என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், முடிவுள்ள தேடலாகிவிடும். ஆனால் 0 முதல் 999 வரை பத்து மாறிகள் என்றால் 1-க்குப் பின் 30 பூஜ்யம். வரம்பு போடுவது தீர்மானிக்கத்தக்கதாக்கும். சீக்கிரம் முடியும்படி ஆக்காது.

போர்டில் உள்ள முழு எண் வேறு

மோட்டார் கண்ட்ரோலரில் விநாடிகளை 16 பிட் குறியுள்ள எண்ணில் வைத்தால் அதிகபட்சம் 32,767. அதாவது 9 மணி 6 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடியில் எண் எதிர்மறைக்குப் புரண்டு, "6 மணி ஆனதும் நிறுத்து" போன்ற ஒப்பீடுகள் பொய்க்கும். குறியற்ற எண் என்றால் 18 மணி 12 நிமிடம் 15 விநாடி வரை தாங்கும். நேரியல் முழு எண் தர்க்கத்தில் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. அங்கே எண்களுக்கு முடிவில்லை, நிரூபணம் "சரி" என்று வரும், போர்டு தவறும். இங்கே பிட்-வெக்டர் தர்க்கம் (போர்டில் உள்ளபடியே எண்ணைக் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பிட்களாகப் பார்ப்பது) கட்டாயம். எல்லாம் கடைசியில் சாட் கூற்றுகளாக உடைவதால் தீர்மானிக்கத்தக்கது. விலை, மீண்டும் பெருக்கல்தான்: 32 பிட்டில் அ × ஆ = ஆ × அ என்பதை நிரூபிக்கச் சொன்னாலே சாட் சால்வர் திணறும். கூட்டல், ஒப்பீடு, நகர்த்தல் மட்டும் உள்ள நிரல் துண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

"எந்த நேரத்தில் கரண்ட் போனாலும்"

அட்டவணை ஒன்று வேண்டும் என்பது ஒரு கேள்வி. எந்த ஒரு மணி நேர மின்தடை வந்தாலும் சரிசெய்துகொள்ளக்கூடிய அட்டவணை வேண்டும் என்பது வேறு கேள்வி: "ஏதாவது ஓர் அட்டவணை, எல்லா மின்தடைக்கும், ஏதாவது ஒரு மாற்றம்." குவாண்டிஃபயர் மாறி மாறி வருகிறது. பிரெஸ்பர்கர் தர்க்கத்தில் இதுவும் தீர்மானிக்கத்தக்கதே. 1972-இல் கூப்பர் கொடுத்த நீக்கும் முறை சால்வர்களில் பயன்படுகிறது. ஆனால் ஃபிஷரும் ராபினும் 1974-இல் காட்டியது, இந்தத் தர்க்கத்துக்கு எந்தப் படிமுறை எழுதினாலும் மோசமான நிலையில் இரட்டை அடுக்குக்குறி நேரத்துக்குக் குறையாது என்று.

தடை தொடங்கும் நேரம் மணிக்கணக்கில் 24-தான் என்றால் குவாண்டிஃபயரே வேண்டாம்; 24 நகல் எழுதி, எல்லாவற்றுக்கும் பொதுவான அட்டவணை மாறிகளை வையுங்கள். கோப்பு பெரிதாகும், தர்க்கம் சிறியதாகும். இந்தப் பேரம் கிட்டத்தட்ட எப்போதும் லாபம். நகல் ஆயிரக்கணக்கில் போகுமென்றால் சுற்று முறை: ஓர் அட்டவணையைக் கேளுங்கள், அதைக் கெடுக்கும் தடை ஒன்றை இரண்டாவது ஓட்டத்தில் தேடுங்கள், கிடைத்தால் அந்தத் தடைக்கு மட்டும் நகல் சேர்த்து மறுபடி கேளுங்கள். கெடுக்கும் தடை கிடைக்காத சுற்றில் நிறுத்தலாம்.

அணிகளோடு (வரிசை எண் இட்ட மதிப்புப் பட்டியல்களோடு) குவாண்டிஃபயர் சேரும் இடத்தில் ஓர் எழுத்து வித்தியாசம் விளையாடும். வெளிர் ஷேடிலிருந்து அடர் ஷேடுக்கு ஏறுமுகமாக லாட்கள் போக வேண்டும். "ஒவ்வொரு இடத்திலும் ஷேடு[இ] ≤ ஷேடு[இ+1]" என்று எழுதத்தான் கை போகும். "இ ≤ உ ஆகும் எல்லா இ, உ-வுக்கும் ஷேடு[இ] ≤ ஷேடு[உ]" என்று எழுதினாலும் பொருள் அதேதான். 2006-இல் பிராட்லி, மன்னா, சிப்மா வரையறுத்த தீர்மானிக்கத்தக்க அணித் துண்டுக்குள் இரண்டாவது அடங்கும், முதலாவது அடங்காது: குவாண்டிஃபயர் பிடித்த குறியெண்ணில் +1 போட அனுமதித்தால், அணியின் ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தைக் கட்டுப்படுத்த, கணிப்பு ஒன்றின் படிகளையே அணியில் எழுதிவிட முடியும்.

டைமர் நிற்குமா, பூஜ்யமாகுமா?

மோட்டார் பெட்டிக்குத் திரும்புவோம். எடுத்துக்காட்டாக: கரண்ட் வந்தபின் 5 விநாடி பொறுத்து ஸ்டார்ட், தண்ணீர் ஏறாமல் 30 விநாடி ஓடினால் ட்ரிப், 600 விநாடி கழித்து மறுபடி முயற்சி. ஆலூரும் டில்லும் 1994-இல் கொடுத்த நேர ஆட்டோமேட்டா (நிலைகளும் கடிகாரங்களும் கொண்ட கணித மாதிரி) இதற்கென்றே செய்தது போன்றது. எல்லாக் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், பூஜ்யமாக்கலாம், மாறிலியோடு ஒப்பிடலாம். நேரம் தொடர்ச்சியானதாக இருந்தும், "வறண்ட நிலையில் மோட்டார் ஓடும் நிலைக்கு எப்போதாவது போகுமா?" என்பது தீர்மானிக்கத்தக்கது. காரணம், கடிகார மதிப்புகளை முடிவுள்ள எண்ணிக்கையிலான பகுதிகளாகத் தொகுத்துவிடலாம். அவர்கள் தந்த மேல்வரம்புப்படி மூன்று கடிகாரத்துக்கு 6 × 8 × 12 × 62 × 1,202: சுமார் 4.3 கோடி. 5, 30, 600 மூன்றும் ஐந்தால் வகுபடுவதால் அலகை 5 விநாடியாக்கி 1, 6, 120 என்று எழுதினால் 6 × 8 × 4 × 14 × 242: சுமார் 6.5 லட்சம். தொடர்ச்சியான நேரத்தில் அலகு மாற்றுவது வெறும் அளவுகோல் மாற்றம், எந்த நிகழ்வும் தொலையாது. 600-க்குப் பதில் 601 என்று ஸ்பெக்கில் (தேவைக் குறிப்பில்) எழுதும் ஆளிடம் மட்டும் சண்டை போட்டே ஆக வேண்டும்.

இப்போது கம்பெனி ஒரு வசதி கேட்கிறது: "ஒரு நாளில் மொத்தம் 6 மணி நேரம் ஓடியதும் நிறுத்து, நடுவில் கரண்ட் போனால் கணக்கு நின்று, வந்ததும் தொடர வேண்டும்." பி.எல்.சி. (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) ஆட்கள் ரிடென்டிவ் டைமர் என்பார்கள். தர்க்கத்தின் பக்கத்திலிருந்து அது ஸ்டாப்வாட்ச்: சில நிலையில் ஓடும், சில நிலையில் நிற்கும். நேர ஆட்டோமேட்டாவோடு ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச் சேர்ந்தாலே, இந்த வகை முழுவதுக்கும் பொதுவான படிமுறை இல்லாமல் போகிறது என்று ஹென்சிங்கர், காப்கே, பூரி, வராயா 1995-இல் காட்டினார்கள். இரண்டு எண்ணிகள் கொண்ட இயந்திரமே டூரிங் இயந்திரத்துக்கு (எந்த நிரலையும் ஓட்டக்கூடிய கணித மாதிரிக்கு) சமம் என்பது மின்ஸ்கி 1960-களில் காட்டியது. அந்த எண்ணிகளைக் கடிகார மதிப்புகளுக்குள் ஒளித்துவைக்க ஸ்டாப்வாட்ச் இடம் கொடுத்துவிடுகிறது. நிற்கும்போதெல்லாம் பூஜ்யமாகும் டைமர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஸ்பெக் எழுதும் நாளிலேயே கேட்க வேண்டியது இது: கரண்ட் போனால் டைமர் நிற்குமா, பூஜ்யமாகுமா?

நின்றே ஆக வேண்டும் என்றால் தொடர்ச்சியான நேரத்தைக் கைவிடுங்கள். அந்த நிரூபணத்தின் உயிர் எல்லையில்லாத துல்லியத்தில் இருக்கிறது. போர்டில் அது கிடையாது, டிக் (கடிகாரத் துடிப்பு) கணக்குத்தான். 1 விநாடி டிக்கில் 6 மணி நேரக் கணக்குக்கு 21,601 மதிப்புகள், மற்ற மூன்று டைமருக்கும் 6 × 31 × 601. பெருக்கினால் 241 கோடி நிலைகள். நிலைகளைக் குறியீடாகத் தொகுத்து அலசும் கருவியான மாடல் செக்கருக்குக் கனம்தான், ஆனாலும் முடிவுள்ளது. 5 விநாடி டிக் என்றால் 4,321 × 2 × 7 × 121: சுமார் 73 லட்சம், மேசைக் கணினியே போதும். இங்கே மட்டும் அலகு மாற்றம் இலவசமில்லை. 3 விநாடி வந்து போகும் கரண்ட் 5 விநாடி டிக்குக்கு நடுவே மறைந்துவிடும், "பாதுகாப்பு" என்று தவறான விடை வரலாம். போர்டு எந்த டிக்கில் உள்ளீட்டைப் படிக்கிறதோ அதே டிக்கில்தான் மாதிரியும் இருக்க வேண்டும். அது பெரிதாகிவிட்டால் 6 மணி நேரக் கணக்கைத் தனியே பிரித்து, "முடிந்தது" என்ற சமிக்ஞை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று விட்டுவிடுங்கள். அப்படியும் பாதுகாப்பு என்று விடை வந்தால் அது நிஜப் பெட்டிக்கும் செல்லும். பிழை என்று வந்தால் அது உண்மையில் நடக்கக்கூடியதா என்று கையால் பார்க்க வேண்டும்.

மிச்சம் இருப்பது முழு முதல்வரிசைத் தர்க்கமும் (எந்தப் பொருள்களையும் உறவுகளையும் பற்றி குவாண்டிஃபயரோடு பேசுவது), லீன், காக் (இப்போதைய பெயர் ராக்), இசபெல் போன்ற நிரூபண உதவிக் கருவிகளும். முதல்வரிசைத் தர்க்கத்தில் செல்லுபடியாகும் வாக்கியத்துக்கு நிரூபணம் எப்போதாவது கிடைத்தே தீரும் என்பது கோடலின் நிறைவுத் தேற்றம். செல்லாததற்கு "இல்லை" என்று சொல்லி நிற்கும் உத்தரவாதம் கிடையாது என்பது சர்ச்சும் டூரிங்கும் 1936-இல் சொன்னது. முடிவுள்ள மாதிரிகளில் நிலைமை தலைகீழ்: எதிர்மாதிரி இருந்தால் கிடைக்கும், இல்லையென்றால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், 1950, ட்ராக்டன்பிராட். அட்டவணைக்கோ ஸ்டார்ட்டருக்கோ இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நிரூபண உதவிக் கருவியில் நிரூபணத்தை ஆள் எழுத வேண்டும், கருவி சரிபார்க்கும். ஒரு கட்டுப்பாட்டு நிரலுக்குக்கூட வாரக்கணக்கில் ஆகும். ஒரே கோட் பல வருடம் மாறாமல் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் போகப்போகிறது, அதிலும் லாட் எண்ணிக்கை, இயந்திர எண்ணிக்கை எதுவானாலும் பொருந்த வேண்டும் என்றால் மட்டும் அந்தச் செலவுக்குக் கணக்கு வரும். சீசனுக்கு சீசன் நிபந்தனை மாறும் பனியன் கம்பெனி அட்டவணைக்கு அது வேண்டாத வேலை.